ஆற்றோடு போன ஆடுகள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னதும் நான் சென்னையில் நிம்மதியாகப் படுத்தேன். ஊரில் அம்மாவும் படுத்திருப்பாள். விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊர். கடல் எங்களுக்குத் தூரம். புயல் என்றால் கடலோரத்துக்காரர்களின் கவலை என்றுதான் வளர்ந்தோம்.

கரையைக் கடந்த புயல் வலுவிழந்து மேற்கே ஊர்ந்து போனது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 விடிவதற்குள் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது.

அம்மா முழித்தபோது கட்டிலின் கால் தண்ணீரில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆயாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனாள். திரும்பி வந்து ஆடுகளை அவிழ்த்துவிட நேரமில்லை. நாலும் கட்டுத்தறியோடு போய்விட்டன.

பள்ளிக்கூடத்தில் மூன்று நாள். அத்தனை பேருக்கும் ஒரே கக்கூஸ், அதிலும் தண்ணீர் இல்லை. ஆண்கள் எங்கேயோ ஒதுங்கிவிட்டு வந்தார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். தூரமான பெண் ஒருத்திக்கு அம்மா தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். வந்த நிவாரணப் பைகளில் அரிசி இருந்தது, பாய் இருந்தது, பிஸ்கட் இருந்தது. அதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் நிவாரணம் அறிவித்தார்கள். குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, செத்த ஆட்டுக்கு 4,000. அட்டைக்கு உரிய பணம் அம்மாவுக்கு வந்தது. அவள் பயிர் செய்த அரை ஏக்கர் வாய்ப்பேச்சுக் குத்தகை. பட்டா வேறு ஒருவர் பெயரில். நடவு நட்டதும் களை பறித்ததும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆட்டுக்காவது எழுதிக்கொள்ளுங்கள் என்று கணக்கெடுக்க வந்தவரிடம் கேட்டிருக்கிறாள்.

"ஒடம்பு எங்கம்மா? டாக்டர் பாத்து எழுதணும்."

"ஆத்தோட போச்சுங்க."

"அப்ப ஆடு இருந்துதுன்னு எப்படி நம்பறது?"

போனில் இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. அந்த ஆடுகளில் ஒன்றை விற்றுத்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினாள். அப்பா போன பிறகு வீட்டில் அவள் பேரில் இருந்த ஒரே சொத்து அவைதான். நகை அடகில் இருந்தது, நிலம் பிறத்தியாருடையது. ஆட்டை விற்க மட்டும் அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆற்றோடு போனதில் அந்த உரிமையும் உண்டு. அதற்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

இப்போது வாரத்துக்கு இரண்டு குட்டி பிடித்து வளர்க்கிறாள். ஈன்றால் பாதி இவளுக்கு, பாதி உடையவருக்கு. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு குட்டிகளையும் இரு கையிலும் பிடித்துக்கொண்டு, பின்னால் வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய கறை தெரிய, அம்மா நிற்கிறாள்.

"எதுக்கும்மா படம்?"

"வச்சிக்க. நாளைக்குக் கேப்பாங்க."