பிள்ளையோடு ஓடுதல்

“ஊரவர் அனைவரும் பங்குபற்றலாம்” என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருந்தார்கள். அளவெட்டியிற் சனசமூக நிலையமொன்றின் ஆண்டு விழாவையொட்டிச் சென்ற சித்திரை மாதத்தில் நடந்த வீதியோட்டத்தைப் பற்றியே சொல்கின்றோம். தூரம் ஐந்து கிலோமீற்றர். ஆயினும் அதனை எல்லோரும் மரதன் என்றே அழைத்தனர். உண்மை மரதன் 42.195 கிலோமீற்றர் என்பதை வகுப்பறையில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும், எமது நாட்டில் வீதியில் ஓடுவதெல்லாம் மரதன்தான். அது கிடக்கட்டும். ‘அனைவரும்’ என்ற சொல்லை நாம் அப்படியே நம்பிவிட்டோம். தமிழ் படித்தவரின் பேதைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். எமது பெயரையும், அதன் கீழ் ஒன்றரை வயது நிரம்பிய மகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம்.

பெயர் பதிந்த இளைஞன் எம்மிடம் படித்தவன். தாளைப் பார்த்தான்; எம்மைப் பார்த்தான்.

“பிள்ளை எப்பிடி ரீச்சர் ஓடும்?”

“பிள்ளை ஓடாது, தம்பி. வண்டிலில் இருக்கும். தள்ளிக்கொண்டு ஓடுறதுதான்.”

“வீட்டில பார்க்க ஒருத்தரும் இல்லையோ?”

இந்த ஒரு கேள்வியை அடுத்த மூன்று வாரங்களில் எத்தனை வாயிலிருந்து கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. கணவர் மன்னாரில் வேலை. மாதத்தில் இருமுறை வருவார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தமெனினும் ஒரு மணி நேரம் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மாட்டேனென்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் நாம் ஓடத் தொடங்கியதே அந்தப் பிள்ளையால்தான். பாடசாலை விட்டு வந்தபின் மாலையில் அவள் உறங்க மறுப்பாள். வண்டிலில் இருத்தி ஒழுங்கையில் உருட்டினால் உறங்குவாள், நின்றால் விழித்துக்கொள்வாள், விரைந்து தள்ளினால் இன்னும் நன்றாக உறங்குவாள். அவ்வாறு விரைந்து விரைந்து, பாடசாலை நாளில் இல்ல மெய்வல்லுநர் போட்டியோடு கைவிட்ட ஓட்டம் எமது கால்களுக்குத் திரும்பி வந்தது. பிள்ளையை விட்டுவிட்டு ஓடச் சொல்வது, நாம் பழகிய ஓட்டத்தை விட்டுவிட்டு வேறொன்றை ஓடச் சொல்வதாகும்.

வண்டில் ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் தன் பிள்ளைகள் வளர்ந்தபின் அனுப்பியது. மூன்று சில்லுகள், துவிச்சக்கரவண்டியின் சில்லைப் போலக் காற்றடிப்பவை. 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஃபில் பெச்லர் என்ற பத்திரிகைத் தொழிலாளி, ஓடப் போகும்போது தன் மகனையும் உடன் கொண்டுபோக விரும்பிச் சாதாரணக் குழந்தை வண்டிலுக்குச் சைக்கிள் சில்லுகளைப் பூட்டினார். அதிலிருந்து பிறந்த வகைதான் இது. கடைத்தெருவில் உருட்டும் சிறுசில்லு வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடுதல் ஆகாது. ஒரு கல் தட்டினால் குப்புற விழும். இதில் முன்சில்லைத் திரும்பாதபடி பூட்டிவிடலாம். பிள்ளையைத் தோளிலும் இடுப்பிலும் பட்டியாற் கட்ட வேண்டும். கைபிடியிலிருந்து ஒரு வாரை எமது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கால் இடறினாலும் வண்டில் தனியே ஓடிவிடாது. ஆறு மாதமேனும் நிரம்பாத, கழுத்து நன்றாக நிற்காத குழந்தையை வைத்து ஓடவே கூடாது என்பது வைத்தியர்களின் அறிவுரை. எட்டு மாதம் வரை பொறுப்பது நன்று என்போரும் உளர். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் நிலையத்தாரிடம் போனோம்.

அவர்கள் எம்மை மறித்ததில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டோம். நெருங்கி ஓடுவோரின் காலில் வண்டில் தட்டலாம். பெரிய நகரங்களின் ஓட்டங்கள் பலவற்றில் இக்காரணத்தால் வண்டிலுக்கு அனுமதியில்லை. எல்லோருக்கும் பின்னால் புறப்படுகின்றோம், எவரையும் முந்தும்போது குரல் கொடுக்கின்றோம் என்று உடன்பட்டோம். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஒரு பெரியவர், “பிள்ளை பெத்தவைக்கு ஏன் இந்த ஓட்டம்?” என்றார். அங்கேதான் எமக்குக் கோபம் வந்தது.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஒல்லாந்து நாட்டின் ஃபான்னி பிளாங்கர்ஸ்-கோயன் நான்கு தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்காமல் ஓட வருவதா என்று அவரையும் கேட்டார்கள். வென்றபின் அதே வாய்கள் ‘பறக்கும் இல்லத்தரசி’ என்று பட்டம் சூட்டின. இல்லத்தை மட்டும் அவரிடமிருந்து கழற்ற மனம் வரவில்லை. 1967இல் பொஸ்ரன் மரதனில் கத்ரின் சுவிற்சர் என்ற பெண்ணை ஓடும்போதே ஓர் அதிகாரி பிடித்து இழுத்த கதை உலகறிந்தது. பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவும் அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை. முள்ளியவளை அகிலத்திருநாயகி எழுபது வயதைக் கடந்தபின் 2023இற் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் போட்டியில் தங்கம் வென்று வந்ததை மட்டும் சொன்னோம். “அது வேற” என்றார். எது வேறு என்று கேட்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

ஓட்டம் காலை ஆறு மணிக்கு. தட்சிணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதசுரமும் ஒலித்த ஊரல்லவா, தொடக்கத்துக்கு ஊதுகுழலோடு தவிலும் அடித்தார்கள். அந்த அடியில் மகள் விழித்துக் கைதட்டத் தொடங்கினாள். கும்பிளாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுப் போகின்றவர்கள் எம்மைக் கண்டு நின்றார்கள். முதற் கிலோமீற்றர் இலகுவாக இருந்தது. தார் வீதி புதிது. இரண்டாவதில் வீதி குன்றும் குழியுமாயிற்று. வண்டில் தள்ளி ஓடுபவருக்குக் கைவீசும் உரிமை இல்லை என்பதை ஓடிப் பார்த்தவரே அறிவர். கைக்குரிய வேலையெல்லாம் இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கிவிடும். ஒரு கையாற் தள்ளி மறுகையை வீசி, பின் கை மாற்றி, மூச்சைப் பிள்ளையின் மழலைக்குப் பதில் சொல்வதற்கும் பங்கிட்டு ஓடினோம். நாய்களைக் காணுந்தோறும் அவளுக்கு நின்று பேச வேண்டும்.

மூன்றாவது கிலோமீற்றரில், தகர வேலியோரம் கதிரை போட்டிருந்த ஆச்சி ஒருவர் செம்பில் தண்ணீரோடு எழுந்து வந்தார். பிள்ளைக்கு இரண்டு வாய் பருக்கிவிட்டுச் சொன்னார்:

“அப்ப பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு இந்த றோட்டாலதான் ஓடினனாங்கள். ஆரும் கை தட்டேல்லை. நீ விளையாட்டுக்கு ஓடுறாய், மோனை. ஓடு, ஓடு.”

1995 ஒக்ரோபர் 30ஆம் நாளை அவர் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. குறிக்கத் தேவையும் இல்லை. வலிகாமத்து மக்கள், சில இலட்சம் பேர், ஓரிரவில் வீடு வாசலைப் பூட்டிக்கொண்டு மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நகர்ந்த நாள் அது. எமக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் சைக்கிளின் முன்பாரில் ஒரு துவாயை மடித்துப் போட்டு எம்மை இருத்தியிருந்தாராம். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாராம். எமக்கு நினைவிருப்பது, முன்னாற் போனவரின் கரியரில் கட்டியிருந்த கோழியொன்று மட்டுமே. வலிகாமம் வடக்கின் பல ஊரவருக்கு அதற்கும் ஐந்தாண்டு முன்னரே, 1990இல், இந்த ஓட்டம் தொடங்கிவிட்டது. அவர்களிற் பலர் காணி மீளப்பெறப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். பிள்ளையோடு ஓட முடியுமோ என்று எம்மைக் கேட்டவர்களின் தாய்மார் எல்லோரும் பிள்ளையோடு ஓடியவர்கள்தாம். அன்று ‘வீட்டில் பார்க்க ஒருத்தரும் இல்லையோ’ என்று அவர்களை எவரும் கேட்கவில்லை.

நாலாவது கிலோமீற்றர் தோட்டவெளி. வெங்காயம் பிடுங்கும் காலம். ஞாயிற்றுக்கிழமையென்று பாராமல் பத்துப் பன்னிரண்டு பெண்கள் செம்மண்ணிற் குந்தியிருந்தார்கள். வரம்பில் நின்ற வேம்பின் கிளையில் சேலையால் ஏணை கட்டி ஒரு குழந்தையைப் போட்டிருந்தார்கள். அதன் தாய், இளம் பெண், எம்மைக் கண்டதும் கையிலிருந்த வெங்காயத்தோடு வீதிக்கரைக்கு வந்தாள். நாமும் மூச்சு வாங்க நின்றோம்.

“ரீச்சர், இந்த வண்டில் என்ன விலை?”

“வெளியில இருந்து அனுப்பினது, பிள்ளை. விலை தெரியாது.”

அவள் வண்டிலைத் தொட்டுப் பார்த்தாள். பட்டியை இழுத்துப் பார்த்தாள். பின், “ஆனா வரம்பில இது போகாது, என்ன?” என்றாள். போகாதுதான். பிசுபிசுத்த தோட்டமண்ணிற் சில்லு புதையும். “நீரும் ஒருநாள் ஓட வாருமன்” என்று, நல்லெண்ணத்தில் வரும் அசட்டுத்தனத்தோடு சொன்னோம். “ஆறு மணிக்கு எங்களுக்கு வேலை துவங்கீடும்” என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதுவரை எமக்குள்ளே ஒரு போராட்ட வீரர் ஓடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அவர் இறங்கிக்கொண்டார். அரசாங்க ஊழியரான எமக்கு மகப்பேற்றின்போது முழுச் சம்பளத்தோடு 84 நாள் விடுமுறை, அதன்பின் அரைச் சம்பளத்தோடு 84 நாள், சம்பளமின்றி மேலும் 84 நாள் என்று சட்டம் வகுத்திருக்கின்றது. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்யும் பெண்களுக்கும் 84 நாள் உண்டு. நாட்கூலிக்குத் தோட்டத்தில் குந்துகின்றவளுக்கு என்ன உண்டு? முன்பள்ளிக்கு மூன்று வயதாக வேண்டும். அதுவரைக்கும் வேம்பும் சேலையும். பிள்ளையை வைத்துக்கொண்டே ஓர் உடல் எவ்வளவு உழைக்கும் என்பதை ஊருக்குக் காட்டவே நாம் ஓடினோம் என்றால், அதனை நாள்தோறும் காட்டிக்கொண்டிருப்பவர்களை நாமல்லவா வேடிக்கை பார்த்தபடி கடந்து போனோம்!

கடைசி நூறு யாரில் ஒரு சிறு காட்சி. எமக்கு முன்னாலோடிய தந்தையொருவர், வேலியோரம் நின்ற தம் ஐந்து வயது மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு முடிவுக்கோட்டைத் தாண்டினார். சனம் விசிலடித்தது. “பாருங்கள், இப்படியொரு தகப்பன்!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. அவர் நல்ல மனிதர், மகனும் மகிழ்ந்தான், நாமும் கைதட்டியிருப்போம், கை ஓய்வாக இருந்திருந்தால். இரண்டு நிமிடங் கழித்து ஐந்து கிலோமீற்றரும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு நாம் வந்தபோது அதே ஒலிபெருக்கி, “தாய்மார் பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்” என்றது. நேரம் 43 நிமிடம். கடைசிக்கு முதல் இடம்.

1977இல் அமெரிக்காவில் டிக் ஹொய்ற் என்பவர், மூளைவாத நோயால் நடக்கவும் பேசவும் இயலாத தம் மகன் றிக்கைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஐந்து மைல் ஓட்டமொன்றில் முதன்முதலாக ஓடினார். அவர்களும் கடைசிக்கு முதல் இடந்தான். ஓடும்போது தன் குறை தெரியவில்லை என்று மகன் கணினி வழியே சொன்னதனால், தந்தை அதன்பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட போட்டிகளில் அவரைத் தள்ளி ஓடினார். பொஸ்ரனில் 1981இல் அவர்களுக்கு முறையான அனுமதி கிடைக்கவில்லை. அனுமதியின்றியே ஓடினார்கள். அதே பொஸ்ரன் மரதனின் தொடக்க இடத்தருகே பின்னர் அவர்களுக்குச் சிலை வைத்தார்கள். டிக் 2021இலும் றிக் 2023இலும் மறைந்தனர். அவரது அன்புக்கு முன் நாம் எம்மாத்திரம்! ஆயினும் ஓர் ஐயம் எழாமலில்லை: அந்த நாற்காலியைத் தள்ளியவர் தாயாக இருந்திருந்தால் சிலை எழுந்திருக்குமா?

பரிசளிப்பிற் பேசியவர், பெரியவிளானிற் பிறந்த எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்றதைச் சொல்லி, இம்மண்ணின் கால்கள் வலியவை என்றார். நாம் மறுக்கவில்லை. தோட்டவெளியிற் குந்தியிருந்த கால்களையும் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு ஓட்டத்தை மாலையில் வைக்கலாகாதா, தோட்ட வேலை முடிந்து வருகின்ற பெண்களும் பங்குபற்றக் கூடுமே என்று நிலையத்தாருக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். ஓடுகின்ற நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உயர்தர வகுப்பு மாணவியர் சிலர் முன்வந்திருப்பதையும் எழுதினோம். மாலையிற் பிரதம விருந்தினர் அகப்படமாட்டார் என்று ஒருவர் சொன்னாராம். கூட்டத்தில் எடுப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கின்றார். கூட்டம் இன்னும் கூடவில்லை.

இதற்கிடையில் வண்டிலின் முன்சில்லில் நெருஞ்சிமுள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. சந்தியிலிருக்கும் சைக்கிள் கடைக்காரர் ஒட்டுப்போட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்து, “அடுத்த முறை கடைசிக்கு வராமல் ஓடுங்கோ, ரீச்சர்” என்றார். கடைசிக்கு முதல் இடம் என்று திருத்திவிட்டு வந்தோம்.