வரைபடத்தில் இல்லாத தெரு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். மூன்றாம் வகுப்புக்கு வரைபடம் சொல்லிக் கொடுக்கும்போது கரும்பலகையின் நடுவில் முதலில் பள்ளிக்கூடத்தைப் போடுவேன். பிறகு மலைக்கோயில், தாழக்கோயில், சங்கு தீர்த்தக் குளம், பேருந்து நிலையம். "உங்க வீடு எங்கே இருக்கு, வந்து போடுங்க" என்பேன். சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஏரிக்கரைப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் மட்டும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நானும் வற்புறுத்தியதில்லை. அவர்கள் வீடு வரைக்கும் பலகையில் இடமும் இருக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அந்தக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் வழி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அது ஏரியின் மறுகரையில் கொண்டுபோய் விட்டுவிட்டது. சுற்றிக்கொண்டு வர அரை மணி நேரம். குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் படித்தவள். கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள்: "எங்க இடம் போன்ல இல்லியாம் டீச்சர்."

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். என் ஆண்ட்ராய்டு போனில் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தான். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்று ஒரு பொது வரைபடம் இருக்கிறதாம். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். 2010-ல் ஹைதியில் நிலநடுக்கம் வந்தபோது, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அந்த ஊர்த் தெருக்களை இதில் வரைந்தார்கள். மீட்பு வேலைக்கு அது உதவியது. 2015 வெள்ளத்தில் நம் சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களையும் மக்கள் இந்த வரைபடத்தை வைத்துத்தான் குறித்தார்கள்.

வேலை சுலபம். நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் சின்னச் சின்னக் குறிகள் தெரியும். தொட்டால் ஒரு கேள்வி வரும். இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? இந்தச் சாலை தாரா, மண்ணா? படிக்கட்டில் கைப்பிடி உண்டா? நேரில் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கேள்வி கேட்டவளுக்கு இது நல்ல தண்டனை! மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. முழங்கால் வலியோடு ஏறியும் பதில் போட்டேன்.

ஒருநாள் பெயர் தெரியாத சந்துக்கு வேறொரு கம்பெனியின் மேப்பைப் பார்த்து எழுதப் போனேன். மாணவனிடம் போனில் சொன்னதும் பதறிவிட்டான். "அதுக்குக் காப்புரிமை இருக்கு டீச்சர். காப்பி அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க!" வெட்கமாகப் போய்விட்டது.

ஏரிக்கரைக்குப் போகும் மண்பாதையை இந்தச் செயலியில் வரைய முடியாது. குறிப்பு எழுதிப் போடலாம். "இங்கே ஒரு பாதை இருக்கிறது, முப்பது வீடுகள் இருக்கின்றன" என்று எழுதி, பாதையைப் போட்டோ எடுத்து இணைத்தேன். சில நாளில் முகம் தெரியாத யாரோ ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பாதையை வரைந்திருந்தார். உடனே அங்கே புதிதாக ஒரு கேள்வி: இந்தத் தெருவின் பெயர் என்ன?

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். பள்ளிப் பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் 'ஏரிக்கரை' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவுக்கு என்ன பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நேரில் போய் என் மாணவியைக் கேட்டேன். சிரித்தாள். "ஊர்ல எங்க சாதிப் பேரைச் சொல்லித்தான் சொல்லுவாங்க டீச்சர். நாங்க நாவமரத்தெருன்னு சொல்லுவோம்." தெருமுனையில் நாவல்மரம் நிற்கிறது. நாலைந்து பேரிடம் கேட்டேன், எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அவள் பேரன், எட்டாவது படிக்கிறவன், என் போனை வாங்கி அவனே தமிழில் அடித்தான். கரும்பலகைக்கு வராத சாக்பீஸ் இத்தனை வருஷம் கழித்து அவன் கைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் இப்போது கழுகு வருவதில்லை. ஆனாலும் ஊர்ப் பெயரில் கழுகு இருக்கிறது. முப்பது குடும்பம் வாழ்கிற இடத்துக்கு மட்டும் வரைபடத்தில் பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது. இந்தியாவை முறையாக அளக்கும் பெரிய வேலையை வில்லியம் லாம்டன் 1802-ல் தொடங்கியது இதோ பக்கத்தில் இருக்கும் பரங்கிமலையில்தான். அது கம்பெனி ஆட்சி அளந்த அளவு. நம் தெருவை நாம்தான் எழுத வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் சேர்த்தது எல்லா மேப்பிலும் தானாக வந்துவிடாது. டிரைவர்கள் பார்க்கிற மற்ற மேப்புக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். மாணவன் அதையும் செய்துவிட்டான். அந்தத் தெருப் பையன்கள் போனில் 'ஆர்கானிக் மேப்ஸ்' போட்டிருக்கிறோம். அது சிக்னல் இல்லாவிட்டாலும் இந்த வரைபடத்தைக் காட்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருக்கிறது, நடை உடம்புக்கும் நல்லது. போய்க் கேளுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். வீட்டில் இருப்பவர் பெயர், போன் நம்பர் எதையும் போடாதீர்கள். தெருவின் பெயரை அங்கே வாழ்கிறவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். நான் கேட்கத் தாமதித்துவிட்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.