குடும்பம் மாதிரி ஒரு கம்பனி

எங்கள் வீட்டில் கந்தோர் என்றால் ஒரே ஒரு இடம்தான். புறக்கோட்டையில் மரப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு மேல்மாடி அறை. அந்தச் சுங்க முகவர் நிலையத்தில் அம்மா 1994இல் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். அப்பா இறந்து ஒரு வருடம். எனக்கு ஆறு வயது. அப்போது முதலாளியையும் சேர்த்து அங்கே ஐந்து பேர். இன்று அறுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். சொந்த லொறிகளும் வத்தளைப் பக்கம் ஒரு களஞ்சியசாலையும் இருக்கின்றன.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய பெட்டியை எடுக்க அலைந்த சகோதரிகளுக்கு இந்தத் தொழில் ஓரளவு விளங்கும். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'கஸ்டெக்' எனப்படும் சுங்கப் பிரகடனம் நிரப்பவேண்டும். பொருளுக்கு உரிய எட்டு இலக்கக் குறியீடு பிழைத்தால் வரியும் பிழைக்கும், தண்டமும் வரும். சரக்கு தாமதித்தால் இலவச நாட்கள் முடிந்தபின் நாளுக்கு நாள் வாடகை ஏறும். அம்மாவுக்கு இந்தக் குறியீடுகள் மனப்பாடம். பால்மாவைக் கண்டால் 0402 என்பார், தையல் இயந்திரம் என்றால் 8452. சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உலகம் முழுவதற்குமாக இவற்றைத் திருத்துவார்கள். 2002, 2007, 2012 என்று ஒவ்வொரு முறையும் அம்மா புதிய புத்தகத்தைக் குசினி மேசையில் விரித்துவைத்துப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. என் சோதனைக் காலமும் அவருடைய சோதனைக் காலமும் சில வருடங்களில் ஒன்றாகவே வந்தன.

கம்பனி வேகமாக வளரவில்லை. ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வரும் துணிச் சரக்கை வைத்துத்தான் முதல் பத்து வருடமும் ஓடியது. முதலாளி ஒரு விடயத்தில் பிடிவாதக்காரர். இறக்குமதியாளரின் வரியைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் கடன் வியாபாரத்துக்கு அவர் போகவேயில்லை. அப்படிப் போன பலர் கட்டிய காசைத் திருப்பி எடுக்க முடியாமல் கடையை மூடினார்கள் என்று அம்மா சொல்வார். 2001இல் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டபின் கப்பல்களின் காப்புறுதிக் கட்டணம் ஏறி, தொழில் படுத்தபோதும் அவர் ஒருவரையும் நிறுத்தவில்லை. தன் சம்பளத்தைத்தான் நிறுத்தினார்.

"நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம்" என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று, வீதியெல்லாம் சோதனை நடக்க, அம்மாவைக் கொட்டாஞ்சேனை வரை கூட்டிவந்து விட்டவர் அவர். அந்த மாதமே ஓர் இரவுச் சுற்றிவளைப்பில் அம்மாவைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். விடியும்வரை வாசலில் நின்று, "இவ என்ரை கந்தோர்ப் பிள்ளை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்து எடுத்தவரும் அவர்தான். என் பாடசாலைச் சப்பாத்துகள் பல அவர் வாங்கித் தந்தவை.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று நெடுநாள் யோசித்தேன். கம்பனியின் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

பேராதனையில் சமூகவியல் படித்து, சமூகப் பணிக்கு வந்து, தொழில் செய்யும் பெண்களுக்கு அவர்களுடைய உரிமைகள் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். நம்பிக்கை நிதியத்துக்கு வேலை கொடுப்பவர் மட்டும் 3 சதவீதம். 2017இல் ஒருநாள், வகுப்பில் காட்டுவதற்கு ஒரு மாதிரி வேண்டுமென்று அம்மாவின் கணக்கு விபரத்தைக் கேட்டேன். அது 2004இல்தான் தொடங்கியிருந்தது. அதற்கு முந்திய பத்து வருடமும் இல்லை.

"அப்ப ஆம்பிளையளுக்குத்தான் கட்டினவை" என்றார் அம்மா, சோற்றை வடித்துக்கொண்டே. பெண்களைத் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தார்கள். தற்காலிகமானாலும் முதல்நாள் தொட்டுக் கட்டவேண்டும் என்பதுதான் 1958ஆம் ஆண்டுச் சட்டம். மாதாமாதம் அந்தச் சம்பளப் பட்டியலைத் தட்டச்சு செய்ததே அம்மாதான்.

எனக்கு வந்த கோபத்தில் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டேன். அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"பொலிசு வாசலிலை விடியவிடிய நிண்ட மனுசனிட்டைக் கணக்குக் கேக்கச் சொல்லுறியோ?"

"அதுக்கு நன்றி சொல்லுவம் அம்மா. இது உங்கடை சம்பளக் காசு."

இரண்டு கிழமை அம்மா என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இல்லையென்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. அன்று எங்களுக்குச் சட்டம் எங்கே உதவியது, அந்த மனிதர்தானே உதவினார்! ஆனால் அவருடைய நல்ல மனம் நினைத்தபோது தந்தது. சேமலாப நிதி என்பது யாருடைய மனத்தையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கடிதத்தை அனுப்பாமல் முதலாளியின் மகளிடம் போனேன். அவர்தான் அப்போது நிர்வாகத்தை எடுத்திருந்தார். மகன் கனடாவில். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பழைய பதிவேடுகளை இறக்கித் தூசு தட்டிப் பார்த்தார். அம்மாவோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். அதில் இருவர் இறந்துவிட்டார்கள். தாமதித்த பணத்துக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் உண்டு. "லொறி ஒண்டு இந்த வருசம் வாங்க ஏலாது" என்றார், சிரிக்காமல். பதினொரு பேருக்கும் தவணையாகக் கட்டி முடித்தார். இறந்தவர்களின் பங்கு பிள்ளைகளுக்குப் போனது.

முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு, "நான் உன்னைக் கூடப்பிறந்தவளாத்தான் நினைச்சன்" என்று மட்டும் சொன்னாராம். அம்மா அழுதுகொண்டு வந்தார். என்னோடு அவர் இன்றுவரை முன்போலப் பேசுவதில்லை. கோயிலில் கண்டால் தலையசைப்பார்.

அம்மா 2021இல் ஓய்வுபெற்றார். இருபத்தேழு வருடத்துக்கும், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்று பணிக்கொடையும் கிடைத்தது. அந்தக் காசில்தான் 2022இல், காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், நாங்கள் கடன்படாமல் இருந்தோம். அப்போது டொலர் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தன. கம்பனி அந்த வருடம் பட்ட பாட்டை அம்மா வீட்டிலிருந்தே தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நித்திரை கொள்ளாமல் இருந்தார்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடையைத் தளர்த்தியபின் மீண்டும் வேலை கூடிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் குறியீடு சொல்லிக்கொடுக்க அம்மாவைக் கிழமைக்கு இரண்டு நாள் கூப்பிடுகிறார்கள். கார் அனுப்புகிறார்கள், மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறார்கள், போகும்போது கையில் காசு வைத்து அனுப்புகிறார்கள். "இதுக்கும் சேமலாப நிதி கட்டவேணும் அம்மா" என்றேன். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றார்.

வருகிற கிழமை அக்காவை ஒருக்கால் போய்ப் பார்க்கவேண்டும்.