புஷ்ஷும் பேரிங்கும்

பொம்மை லாரிக்குப் பேரிங் ஒரு கேடா என்று கேட்காதவர் எங்கள் விடுதியில் இல்லை. பௌதிகம் படிக்கிறவன் வாய்மூடி இருக்கலாமா, நண்பர்களே?

நானும் ஒரு வங்க நண்பரும் சேர்ந்து வாங்கிய ரேடியோ லாரி அது. சர்வோ மோட்டாரின் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் பிளாஸ்டிக் கைகள் இரண்டும் வெறும் புஷ்ஷின் மேல் சுழல்பவை. தூசி புகுந்து புஷ்ஷின் துளை அகன்றுவிட்டது. சர்வோ சிறிது திரும்பினால் அத்திருப்பம் துளையின் தளர்ச்சியிலேயே தொலைந்துபோகும். லாரி நேரே ஓடாமல் கள் குடித்தவன் போல் தள்ளாடியது.

அலுமினியத் தொகுதியே வாங்கிவிடலாம் என்றார் நண்பர். என் உதவித்தொகையில் பாதி ஊருக்குப் போகிறது. ஆகவே சாந்தினி சௌக்கில் கடை கடையாய் ஏறி இறங்கி, உள்விட்டம் 5, வெளிவிட்டம் 8, கனம் 2.5 மில்லிமீட்டரில் நான்கு பேரிங்குகள் வாங்கினோம். ரப்பர் மூடி போட்டவை; சற்று இறுக்கமாய்ச் சுழன்றாலும் ஜாதவ்பூர் மழைச் சேற்றுக்கு அவையே ஏற்றவை. புஷ்ஷை உருவிவிட்டு அதே குழியில் பொருத்தினோம்.

வழுக்கும் உராய்வை உருளும் உராய்வாக்குவதே சூட்சுமம். 1794-இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வான் வண்டி அச்சுக்காகக் காப்புரிமை பெற்ற அதே குண்டுகள்தாம்! இப்போது சக்கரங்கள் தயங்காமல் நடுநிலைக்கு மீள்கின்றன. இணைப்புக் கம்பிகளின் மூட்டுத் தளர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது; பேரிங் அதைத் தீர்க்காது.

கோவையில் லேத் பட்டறையில் உழைக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அளவு பாத்து வாங்குனியா கண்ணு?" என்றார்.

நண்பருக்கு அலுமினிய ஆசை தீரவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருக்கிறேன்.