அடுத்த சீட் எங்கே?

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் நடக்கும் நாளில் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், டிராக்கைக் கண்ணால் பார்ப்பதற்குள் காதால் கண்டுபிடித்துவிடுவார்கள். கன்டெய்னர் லாரிகளின் உறுமலுக்கு மேலே ஒரு கிறீச்சல் எழும். வளைவு வந்ததும் கியர் படபடவென்று இறங்கும். காற்றில் ரப்பர் தீய்ந்த நெடி. பக்கத்தில் ஹூண்டாய் ஆலை 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே விடும் முன்பே இந்த டிராக் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கார் செய்யும் ஊரானது பிற்பாடுதான்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது இங்கேதான். ஃபார்முலா மாருதி கார். முதல் தடவையிலேயே மேடையேறினார். அங்கிருந்து 2005-ல் ஜோர்டான் அணி வழியாக ஃபார்முலா ஒன் வரை போனது ஊரறிந்த கதை. அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் டயர் தகராறு முற்றி, ஆறே கார்கள் ஓடின. நரேன் நாலாவது. ஆறு பேரில் நாலாவதா என்று நக்கலடித்தவர்கள் உண்டு. அடிக்கட்டும். ஃபார்முலா ஒன்னில் இந்திய ஓட்டுநர் ஒருவர் வாங்கிய புள்ளிகள் இன்றுவரை அந்த ஐந்துதான்.

இதைவிடச் சுவாரசியமானது 2012-க்குப் பிந்தைய கதை. அந்த ஆண்டோடு, அவர் அப்போது ஓட்டிய ஃபார்முலா ஒன் அணியான எச்ஆர்டி கடையைக் கட்டியது. நரேனுக்கு 36 நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த வயதில் டென்னிஸ்காரருக்கு ஒரு வசதி உண்டு. தரவரிசையில் இடமிருந்தால் எந்தப் போட்டிக்குப் போவது, எதை விடுவது என்பது அவர் கையில். லியாண்டர் பயஸ் ஒற்றையரை ஓரங்கட்டிவிட்டு இரட்டையரில் 40 வயதில் அமெரிக்க ஓப்பன் வென்றார். மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்துபோன ரோஹன் போபண்ணா, 2023 செப்டம்பரில் லக்னோவில் டேவிஸ் கோப்பைக்கு விடை கொடுத்தார். நாலே மாதத்தில், 43 வயதில், மேத்யூ எப்டனோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம். கூடவே உலகின் முதலிடம். எதை விடுவது என்று தெரிந்தவர்.

ரேஸ் ஓட்டுநர் அப்படி நினைத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட முடியாது. யாராவது சீட் தர வேண்டும். சீட்டுக்கு ஸ்பான்சர் வேண்டும். திறமை மூன்றாவதாகத்தான் பேச்சுக்கு வரும். இந்த விளையாட்டின் அசிங்கமான உண்மை இது. ஆகவே, வயதான ஓட்டுநர் தன் உடம்புக்கும் தனக்குக் கிடைக்கிற சீட்டுக்கும் ஒத்துவருகிற பந்தயத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

நரேன் நன்றாகத் தேடினார். 2013-ல் ஐரோப்பாவில் ஆட்டோ ஜிபி. 2014-ல் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா. வளைவுகளில் ஃபார்முலா ஒன்னுக்குப் பக்கத்தில் வரும் வேகம். ஹோண்டா, டொயோட்டா எஞ்சின்கள். வெளியுலகம் அதிகம் கவனிக்காத களம்தான், ஆனால் கழுத்து நரம்பைச் சோதிக்கிற களம். பிரேக்கை மிதிக்கும்போதும் திரும்பும்போதும் ஹெல்மெட்டோடு தலையின் கனம் பல மடங்காகும். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் பக்கத்தில் வந்து முட்டுவார்கள். அதில் ஐந்து பருவங்கள் ஓட்டினார்.

பிறகு 2019-ல் இன்னொரு கணக்கு. கூரையுள்ள கார், ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள், பாதி ஓட்டம் இன்னொருவர் தலையில்: சூப்பர் ஜிடி. சேர்ந்தது நகாஜிமா அணி. அதன் முதலாளி சடோரு நகாஜிமா ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்ததே 34 வயதில், 1987-ல். வயதைக் காட்டி ஆளை ஒதுக்குகிற மனிதராக அவர் இருக்க வாய்ப்பில்லை. 2019 நவம்பரில் ஃபூஜியில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சூப்பர் ஜிடி கார்களும் மோதிய சிறப்புப் பந்தயங்களில் ஒன்றில் நரேன் முதலாவதாக வந்தார். வயது 42.

எடுத்த தேர்வெல்லாம் பலித்ததா என்றால், இல்லை. 2009-ல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஆடி கார் கிடைத்தது. கொடி அசைவதற்கு முன்பே பிட் சுவரருகே விழுந்து தோள்பட்டை நழுவியது. சக ஓட்டுநர்கள் இருவருமே முழுப் பந்தயத்தையும் ஓட்டி முடித்தார்கள்.

இதே ரகப் பந்தயத்தைத்தான் நடிகர் அஜித் குமாரும் பிடித்தார். இருங்காட்டுக்கோட்டை டிராக் அவருக்கும் பழக்கம். 2025 ஜனவரியில், 53 வயதில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் வகுப்பில் மூன்றாவது. பயிற்சியில் கார் சுவரில் மோதி உருக்குலைந்தது. அதன்பின் அந்தக் காரை ஓட்டாமல் ஒதுங்கியதும் அவர் முடிவுதான். ரசிகர்கள் அந்தப் பகுதியை அதிகம் பேசுவதில்லை.

சென்னையின் கருண் சந்தோக் வேறு வழி போனார். ஃபார்முலா ஒன், லு மான்ஸ், மின்சார கார்களின் ஃபார்முலா ஈ என்று ஓட்டிப் பார்த்துவிட்டு, மைக்கைப் பிடித்தார். இன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பேசுகிறார். நரேனோ 2020-ல் பழைய பைக்குகளை வாங்கிச் சீர்செய்து விற்கும் டிரைவ்எக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2022-ல் டிவிஎஸ் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை வாங்கியது. இந்த சீட்டுக்கு ஸ்பான்சர் தேட வேண்டியிருக்கவில்லை.