பின்னால் உட்கார்ந்தவர்

வாழ்க்கை வரலாறு எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் ராபர்ட் காரோ. நியூயார்க்காரர், பத்திரிகையாளராக இருந்தவர். பாலமும் சாலையும் பூங்காவுமாக நியூயார்க்கையே மாற்றிப்போட்ட ராபர்ட் மோசஸைப் பற்றி அவர் எழுதிய ‘தி பவர் புரோக்கர்’ 1974-இல் வந்தது. ஒரு தேர்தலிலும் ஜெயிக்காத ஆளுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்விக்காக ஏழு வருடம், 522 பேட்டிகள். நடுவில் கையிலிருந்த பணம் தீர்ந்து வீட்டை விற்க வேண்டி வந்தது. 1975-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பிறகு அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் வரலாற்றைத் தொடங்கினார். 1982, 1990, 2002, 2012 என நான்கு தொகுதிகள். மூன்றாவதற்கு நேஷனல் புக் அவார்டும், 2003-இல் இரண்டாவது புலிட்சரும் வந்தன. ஜான்சன் பிறந்து வளர்ந்த டெக்சாஸ் மலைநாட்டு ஜனங்கள் வந்துபோகும் நிருபரிடம் மனம்விட்டுப் பேசவில்லை என்று தெரிந்ததும், காரோ மனைவி ஐனாவோடு அங்கேயே குடிபோய்விட்டார். மூன்று வருடம் இருந்தார். மின்சாரம் வருவதற்கு முன் தண்ணீர் இறைத்த கதையைச் சொன்ன ஒரு பாட்டி வாளியை அவர் கையிலேயே கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அந்த அத்தியாயத்தில் அந்தக் கனம் இருக்கிறது.

எனக்குப் பாடமாக அமைந்தது இன்னொரு சம்பவம். ஜான்சனின் தம்பி சாம் ஹூஸ்டன் சொன்ன பால்யக் கதைகளில் பெருமையடிப்பு அதிகம். நம்ப முடியவில்லை. ஜான்சன் சிட்டியில் அவர்கள் வளர்ந்த வீடு இப்போது நினைவில்லம். சுற்றுலாப் பயணிகள் போன பிறகு காரோ அவரை அங்கே அழைத்துப்போனார். சாப்பாட்டு மேசையில், சிறுவயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காரவைத்தார். தான் கண்ணில் படாமல் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடந்த சண்டையைப் பற்றிக் கேட்டார். மெல்ல ஆரம்பித்தவர், போகப் போக அப்பாவின் குரலிலும் அண்ணனின் குரலிலும் மாறி மாறிக் கத்தத் தொடங்கிவிட்டார். அது ஓய்ந்ததும், முன்பு சொன்ன கதைகளை இன்னும் விவரமாகச் சொல்லும்படி காரோ கேட்டார். முடியாது, அவை நடக்கவே இல்லை என்று பதில் வந்தது. ஜான்சனின் இளமையைப் பற்றி அதுவரை புத்தகங்களில் இருந்த சித்திரம் அங்கே உடைந்தது.

பேட்டியின்போது தன்னை அடக்கிக்கொள்ள, வாயை மூடு என்பதன் சுருக்கத்தைக் காரோ நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிக்கொள்வார். பழைய மில் தொழிலாளிகளிடம் பேட்டி எடுக்கும்போது நானும் அவர்களை மூடிக்கிடக்கும் ஆலை வாசலுக்கே கூட்டிப்போய்விடுகிறேன். எந்த கேட், எந்த ஷிஃப்ட், சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று மட்டும் கேட்பேன். அப்புறம் பேசமாட்டேன். வீட்டுத் திண்ணையில் வராத பெயர்கள் அங்கே வருகின்றன.

நம் ஊரில் வாழ்க்கை வரலாறு என்றால் இன்னும் பாராட்டு மலர் தயாரிப்பதாகவே நினைக்கிறார்கள். எழுத ஆசைப்படுகிறவர்கள் காரோ தன் தொழிலைப் பற்றி எழுதிய ‘வொர்க்கிங்’ என்ற சின்னப் புத்தகத்தை முதலில் படியுங்கள். 2019-இல் வந்தது. படித்த கையோடு, உங்கள் ஊரில் பேசக் காத்திருக்கும் ஒரு பெரியவரை அவர் வேலை பார்த்த இடத்துக்கு அழைத்துப்போங்கள்.