அக்கா வேலையை விட்ட கணக்கு

போன வருஷம் ஒரு ராத்திரி, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "டேய், இங்க வாயேன். எங்களுக்கு ஒரு கோட் இருக்குடா."

அக்கா இப்போது மெடிக்கல் கோடர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஃபீஸ், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் யாருக்கோ நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் எழுதியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். அன்றைக்கு அவள் விரல் வைத்திருந்த இடத்தில் இசட் 73.0 என்று இருந்தது. எதிரே 'பர்ன் அவுட்'.

"பேரை விடு. எந்தத் தலைப்புக்குக் கீழ போட்டிருக்காங்கன்னு பாரு" என்றாள்.

மேலே ஏற்றிப் பார்த்தேன். இசட் 73: வாழ்க்கையை நிர்வகிப்பதில் உள்ள சிரமம் தொடர்பான பிரச்சினைகள்.

அக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தலைப்பை அவளுக்கு முதலில் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் வீடு சேக்காட்டில். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், சி.டி.எச். ரோட்டை ஒட்டிய ஊர். அப்பா ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அக்கா 2008இல் டிப்ளமோ நர்ஸிங் சேர்ந்தாள். நான் அப்புறம் இன்ஜினியரிங் போனேன். 2012இல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 6,500 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். ஹிந்து காலேஜ் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடிப்பாள். நைட் டூட்டி முடிந்து அவள் இறங்குகிற நேரத்தில் நான் ஏறுவேன். சில நாள் பிளாட்பாரத்தில் சாப்பாட்டுப் பையை மட்டும் மாற்றிக்கொள்வோம். அவள் கையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை.

பத்து வருஷம் அங்கேயே இருந்தாள். நல்ல நர்ஸ் என்று நான் சொன்னால் தம்பி சொல்கிறான் என்பீர்கள். குழந்தைக்கு வெய்ன் கிடைக்கவில்லை என்றால் மற்ற வார்டிலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். 2021இல் முப்பது கட்டில் உள்ள ஜெனரல் வார்டுக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது. கூடவே டூட்டி லிஸ்ட் எழுதும் வேலையும் வந்தது. யாருக்கு மார்னிங், யாருக்கு நைட், யாருக்கு எப்போது ஆஃப் என்று ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க இதிலேயே போகும்.

ஒருநாள் நோட்டைத் தூக்கி என் பக்கம் போட்டாள். "நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச? இத போட்டுக் குடு."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. நர்ஸ்களுக்கு ஷிஃப்ட் ஒதுக்குவது கணினி அறிவியலில் பேர் பெற்ற ஒரு புதிர். பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. நிபந்தனைகளைக் கொடுத்தால் அத்தனைக்கும் பொருந்துகிற ஒரு விடையைத் தேடித் தரும் நிரல்கள் இருக்கின்றன. அக்காவை உட்கார வைத்து நிபந்தனைகளைக் கேட்டேன். வாரத்துக்கு ஆறு டூட்டி, ஒரு ஆஃப். நைட் பார்த்தவளுக்கு மறுநாள் காலை மார்னிங் கிடையாது. ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்?

அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். "ஆறு பேர்னா ஒழுங்கா பாக்கலாம்."

நிரலை ஓட்டினேன். ஒரே வரி வந்தது: தீர்வு இல்லை.

என் கோடில்தான் தப்பு என்று அரைமணி நேரம் தேடினேன். பிறகு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். முப்பது பேஷன்ட், ஆறு பேருக்கு ஒருத்தி என்றால் ஷிஃப்டுக்கு ஐந்து பேர். மூன்று ஷிஃப்டுக்குப் பதினைந்து டூட்டி, வாரத்துக்கு 105. ஒருத்தி ஆறு டூட்டி பார்த்தால் பதினெட்டு பேர் வேண்டும். வார்டில் இருந்தது அக்காவையும் சேர்த்துப் பதினொரு பேர். பதினொன்று ஆறு அறுபத்தாறு. முப்பத்தொன்பது டூட்டிக்கு ஆளே இல்லை.

தீர்வு இல்லை என்றால் என் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்துவோம். மார்னிங் நாலு, ஈவினிங் மூணு, நைட் ரெண்டு என்று மாற்றினேன். நாளைக்கு ஒன்பது, வாரத்துக்கு 63. உடனே விடை வந்தது. கலர் கலராகக் கட்டம் போட்டு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம்.

நான் தளர்த்திய நிபந்தனைக்கு அர்த்தம் என்னவென்று அப்போது நான் யோசிக்கவில்லை. நைட்டில் ஒருத்திக்குப் பதினைந்து பேஷன்ட். வாரம் முழுவதற்கும் கையிருப்பு மூன்றே டூட்டி. ஒரு பெண்ணுக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்தால் மொத்தமும் சரியும்.

2022இல் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது.

அன்றைக்கு ஈவினிங் பார்த்த அக்காவே நைட்டும் நின்றாள். இன்சார்ஜ்தானே, வேறு யாரைச் சொல்வாள்? ராத்திரி இரண்டு மணிக்கு மேல், வார்டின் ஒரு கோடியில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்கு சாச்சுரேஷன் இறங்கியது. அக்கா அங்கே இருந்தாள். இன்னொரு பெண் மறுபக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவோரக் கட்டிலில் இருந்த தாத்தா பெல் அடித்தார். பாத்ரூம் போக வேண்டும். "ரெண்டு நிமிஷம் தாத்தா, வந்துடறேன்" என்று அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவர் மறுபடி அடித்தார். மூன்றாவது முறை அடிக்கவில்லை. தானாகவே இறங்கி, விழுந்து, இடுப்பெலும்பு உடைந்தது.

தாத்தா பிழைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கு மெமோ வந்தது. 'பணியில் கவனக்குறைவு. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

விளக்கக் கடிதத்தை அவளே இங்கிலீஷில் எழுதி, கிராமர் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஒரு பக்கம். நடுவில் ஒரு சின்ன வாக்கியம். தமிழில் சொன்னால், 'நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.'

"இது வேணாம்க்கா. எதிர்த்துப் பேசற மாதிரி இருக்கும்" என்று சொல்லி அதை நான் அழித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தில் உண்மையைச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

இதே மாதிரி விஷயம் என் ஆஃபீஸில் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு மீட்டிங் போடுவோம். யார் செய்தது என்று கேட்கக் கூடாது, எது உடைந்தது என்றுதான் கேட்க வேண்டும் என்பது அந்த மீட்டிங்கின் முதல் விதி. ஒரு முறை என் தப்பால் ரிலீஸ் நின்றுபோனது. மேனேஜர் என்னை நாலு நாள் லீவ் எடுக்கச் சொன்னார். விழுந்தது ஒரு ஷாப்பிங் கார்ட். ஷாப்பிங் கார்ட்டுக்கு இடுப்பெலும்பு கிடையாது.

மெமோவுக்கு அப்புறம் அக்கா மாறினாள். வீட்டில் வாஷிங் மெஷின் பீப் அடித்தால் எழுந்து நிற்பாள். ஒருநாள் சொன்னாள்: "பேஷன்ட் பேர் மறந்து போச்சுடா. கட்டில் நம்பர்தான் வருது. யாராவது வலிக்குதுன்னா கோவம் வருது." கொஞ்சம் நிறுத்தி, "விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

அப்போது நான் சொன்ன பதில் எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. "ஸ்ட்ரெஸ் எல்லாருக்கும்தான்க்கா இருக்கு. நாமதான் மேனேஜ் பண்ணக் கத்துக்கணும்." சொன்னதோடு விடாமல் அவள் போனில் ஒரு தியான ஆப் போட்டுக் கொடுத்தேன். "பதினஞ்சு பேர் பெல் அடிக்கறப்போ நான் மூச்ச எண்ணிட்டு உக்காரணுமா?" என்று கேட்டாள். இசட் 73 என்ற தலைப்பு எனக்கு எங்கிருந்தும் வரவில்லை, என் வாயிலேயே இருந்தது.

பர்ன் அவுட் என்ற சொல்லை இந்தப் பொருளில் 1974இல் எழுதிப் பரவலாக்கியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற நியூயார்க் உளவியலாளர். இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு வேலை பார்த்தவர்கள் போகப் போக வற்றிப்போவதை அவர் பார்த்திருந்தார். சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எரிந்துபோனது திரி என்றால் திரியின் தரத்தைத்தான் கேட்போம். எண்ணெய் ஊற்றினார்களா என்று கேட்க மாட்டோம்.

கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2002இல் லிண்டா ஐகன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு பேஷன்ட் கூடினால், ஆபரேஷன் ஆனவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, நர்ஸ் பர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே எண்தான். கலிஃபோர்னியாவில் 1999இல் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2005இலிருந்து அங்கே ஜெனரல் வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து பேஷன்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அக்கா ஆறு என்று சொன்னபோது நான் அதை ஆசை என்று நினைத்தேன். சட்டம் அவளைவிடக் கண்டிப்பானது.

நம் ஊரிலும் எண்கள் இருக்கின்றன. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. சின்ன தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. பத்து வருஷம் கழித்து அக்கா வேலையை விட்டபோது வாங்கியது 19,500. அரசு வேலை வேறு மாதிரி என்பார்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் அரசு எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்குச் சம்பளம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று வாக்கு. வாக்கு நடக்காததால் 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அக்காவோடு படித்த ஒருத்தியும் அங்கே இருந்தாள். நோயாளிகளை நினைத்துப் பாருங்கள் என்று அப்போது எல்லோரும் அவர்களுக்கு அறிவுரை சொன்னோம். கொரோனா காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது. கை தட்டியதெல்லாம் அதற்கு முன்னால்.

அப்பாவும் ஷிஃப்ட் பார்த்தவர்தான். ஆனால் அவருக்கு 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் நின்றால் இரட்டைச் சம்பளம், கேட்க யூனியன். டாங்கிக்கு போல்ட் முடுக்குகிற வேலையை யாரும் சேவை என்று சொல்லவில்லை, அதனால் மணிக்கணக்கு இருந்தது. அக்கா செய்தது சேவை. சேவைக்கு 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்' இருந்தது.

2022 செப்டம்பரில் அவள் ரிசைன் பண்ணினாள். எங்களிடம் கேட்கவில்லை. அம்மாதான் ஒரு வாரம் புலம்பினாள், "பத்து வருஷ வேலைய யாராவது விடுவாங்களாடி?" அப்பா மட்டும் ஒன்று கேட்டார். "நைட்டு நின்னியே, அதுக்கு எவ்ளோ குடுத்தாங்க?" ஒண்ணுமில்லப்பா என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அவளுடைய ராஜினாமாவுக்குக் கிடைத்த ஒரே ஒப்புதல் அதுதான்.

அந்த வார்டிலிருந்து அக்காவுக்கு முன்னாலும் பின்னாலும் போனவர்கள் உண்டு. ஒருத்தி ஓ.இ.டி. தேர்வு எழுதி இங்கிலாந்து போனாள், ஒருத்தி ஸ்கூலில் ஹெல்த் டீச்சர், ஒருத்தி திருநின்றவூரில் தையல் கடை. யாருக்கும் மருந்தின் அளவு மறக்கவில்லை.

2019இல் உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் பர்ன் அவுட்டை நோய் இல்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்று விளக்கி எழுதியது. புது எண் கியூடி85. தலைப்பையும் மாற்றிவிட்டார்கள்: வேலை, வேலையின்மை தொடர்பான பிரச்சினைகள். அமெரிக்க பில்லுக்கு இன்னும் பழைய பதிப்புதான். அதனால் அக்கா பார்ப்பது பழைய தலைப்பையே.

அன்றைக்கு ராத்திரி இதைச் சொன்னேன். "பரவால்ல, மாத்திட்டாங்களா" என்று கொட்டாவி விட்டாள். அப்புறம் நான் கேட்காமலே, "உன் ப்ரோகிராம் எத்தன பேர் வேணும்னு சொல்லுச்சு?" என்றாள்.

"பதினெட்டு."

"அவ்ளோல்லாம் வேணாம்டா. பதினாலு பேர் இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

அவள் தூங்கப் போன பிறகு கணக்குப் போட்டேன். பதினாலு பேர் என்றால் ஷிஃப்டுக்கு நாலு. கூடுதலாக மூன்று பேர், ஆளுக்கு இருபதாயிரம் என்றால் மாதம் அறுபதாயிரம். முப்பது கட்டில், முப்பது நாள். ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு அறுபத்தேழு ரூபாய்.

அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றான். "சிஸ்டர் இருக்காங்களா? பாட்டிக்கு இன்சுலின் எப்படிப் போடணும்னு கேக்கச் சொன்னாங்க." அக்கா லாகின் பண்ண இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.